வியாழக்கிழமையின் குளிர்

ஒல்டன், காலை ஐந்தே முக்கால்.
முதியோர் இல்லத்தின் சமையலறை.
ஆரே ஆற்றின் பனிமூட்டம்
ஜன்னலோடு நின்றுவிடுகிறது.

மூன்று குளிர்பெட்டிகள், ஓர் உறைபெட்டி.
கயிற்றில் தொங்கும் பேனா,
பக்கத்தில் ஒரு தாள்:
நாள், பாகை, கையெழுத்து.
ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து
அடித்தட்டில் இருக்கும் வெப்பமானியைக்
குனிந்து பார்த்து எழுதவேண்டும்.

நான் திங்களன்றே எழுதிவிடுவேன்,
வாரம் முழுவதற்கும்.
நான்கு, நான்கு, ஐந்து, நான்கு.
அந்த ஐந்து என் கெட்டித்தனம்.
எல்லாம் நான்கென்றால் யாராவது சந்தேகப்படுவார்கள்;
இடையில் ஓர் ஐந்து வந்தால்
பொய்க்கு மூச்சு வந்துவிடும்.

இதைப் பாவம் என்று நான் எண்ணவில்லை.
பாவம் என்றால் அதற்கு ஓர் உயரம் வேண்டும்,
அடுத்தவர் பேச ஒரு கதையாவது வேண்டும்.
இது முழங்கால் வலி.
இருபது நொடி மிச்சம்.

ஜெபம் மட்டும் மெலிந்துகொண்டு வந்தது.
இரவில் கண்ணை மூடினால்
சொற்கள் வரும், வரிசையாக,
ஆளில்லாத வீட்டுக் கதவில்
விளம்பரத் தாள் செருகிவிட்டுப் போகிறவர்களைப்போல.
களைப்பு என்று நினைத்தேன்.
இரும்புச்சத்துக் குளிசை வாங்கினேன்.

பெசா கொசோவோக்காரி.
என்னோடு பாத்திரம் கழுவுகிறவள்.
போன மாரியில் அவள் தாய் இறந்தபோது
அவளுடைய மொழியிலேயே ஒரு புதிய ஏற்பாடு
தேடி வாங்கிக் கொடுத்தேன்.
ரயிலில் படித்துக்கொண்டு வருவாள்.
நுரை காயாத விரலால் பக்கத்தைத் தொட்டுக் கேட்பாள்:
"இவர் ஏன் ஒரு மரத்தைப் போய்ச் சபித்தார்?"
எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

ஒரு செவ்வாய், தாளின் முன் நின்றாள்.
விரல் கீழே இறங்கி வியாழனில் நின்றது.
"வியாழக்கிழமையின் குளிர்
உனக்கு இன்றைக்கே தெரியுமா?"
சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை.
அதுதான் தாங்கவில்லை.

பிறகு அவள் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
எதைப் பற்றியும்.
ரயிலில் கைபேசி பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெசா என்றால் அவர்கள் மொழியில்
கொடுத்த வாக்கு என்று பொருளாம்.
முன்பே சொல்லியிருந்தாள்.

ஞாயிறு. வாடகை மண்டபம், ஒன்பது பிள்ளைகள்,
பாதித் தமிழ், பாதி ஜெர்மன்.
பாடம், ஒன்பதாம் கட்டளை.
பலகையில் 'பொய்ச்சாட்சி' என்று எழுதினேன்.
ஜெரூஷன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு,
"பொய்யை அழித்தால் மிச்சம் சாட்சிதானே, ரீச்சர்?"
"அந்த 'ச்' எங்கே போகும்?" என்றாள் ஒருத்தி.
ஓம் என்றேன், இருவருக்கும் பொதுவாக.
அடுத்த பக்கம் திருப்பச் சொன்னேன்.

திங்கள். கதவைத் திறந்தேன். குனிந்தேன்.
இரண்டாம் பெட்டியில் ஒன்பது.
விளிம்பு ரப்பரில்
நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.
எத்தனை நாளாகவோ
குளிர் அந்த வழியாகவே வெளியேறியிருக்கிறது,
மோட்டார் மட்டும் இரவெல்லாம்
விடாமல் முனகிக்கொண்டு.

பாலும் தயிரும் புடிங்கும் குப்பைக்குப் போயின.
மூன்றாம் மாடியில் போன மாதம்
இரண்டு பேருக்கு வயிற்றோட்டம்.
இதனாலா? தெரியாது.
தெரியாது என்பதையும் சுமக்கவேண்டும்.

பழைய தாள்களை இறக்கி
என் ஒவ்வொரு கையெழுத்துக்கு மேலும்
'பார்க்கவில்லை' என்று எழுதினேன்.
தலைமைச் சமையல்காரர் சூர்லிண்டன்
நிஜமாகவே புரியாமல் கேட்டார்:
"ரப்பர் பழசு என்றால் போதுமே. ஏன் சொன்னாய்?"
பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்தது,
பதிவுத் தபாலில்,
நேசமலரில் ஓர் எழுத்துக் குறைந்து.

அன்றிரவு ஜெபத்துக்குச் சொல் ஒன்றும் வரவில்லை.
ஆனால் வீட்டில் ஆள் இருந்தார்.

பெசா மனந்திரும்பினாள் என்று எழுதக்
கை துருதுருக்கிறது.
அது இன்னோர் ஐந்து.
அவள் அப்படியேதான் இருக்கிறாள்.
ஒரு காலை மட்டும், ஈரக் கையோடு வந்து
என் பக்கத்தில் குனிந்தாள்.
இரண்டு பேரும் பார்த்தோம்.
ஆறு.
அளவுக்கு ஒன்று கூட.
ஆறு என்று எழுதினேன்.