தானியக் கிடங்கின் வடசுவர்

நிட்டிங் மிஷினுக்கான ஊசி
ஒசாகாவிலிருந்து புறப்பட்டுச்
சென்னைக் கஸ்டம்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது.
மியாசாகாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
ஞாயிறு காலை விடுதிச் சன்னலைத் தானே துடைத்து முடித்துவிட்டு
"பக்கத்தில் மலைக்கோட்டை ஏதும் உண்டா?" என்றார்.

சென்னியப்பன் வண்டியை எடுத்தார்.
பெருமாநல்லூர், பவானி தாண்டி
சங்ககிரியை நெருங்க நெருங்க
பாடி கட்டாத லாரிகள்
வெறும் எலும்போடு வெயிலில்.
"இவையும் இடிபாடுகளா?"
"இல்லை. இன்னும் கட்டாதவை."
நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

முதல் வாசல், இரண்டாம் வாசல்.
மூன்றாவதில் குரங்கு
பிஸ்கட்டை விட்டுவிட்டு
அவர் தொப்பியைப் பறித்துப் போனது.
நாலாவதில் சென்னியப்பன் செருப்பைக் கழற்றிக்
கையில் பிடித்துக்கொண்டார்.
"வழுக்குமுங்க" என்றார்.
வழுக்கவில்லை. சித்திரை வெயில், கல் சுட்டது.

கல்லும் கல்லும் சேரும் இடத்தில்
விரல் நகத்தை விட்டுப் பார்த்தபடியே
மியாசாகா தன் ஊர் மலையைச் சொன்னார்:
அங்கே கோட்டை மரத்தால் ஆனது. எரிந்துவிட்டது.
ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு பெயர்ப்பலகை.
வருஷத்துக்கு ஒருமுறை ஏறுவாராம்.
"பார்க்க என்ன இருக்கிறது அங்கே?"
"மூச்சு வாங்கும்.
காவல்காரனுக்கு வாங்கிய அதே மூச்சு.
அது ஒன்றுதான் எரியாதது."

வழியில் ஓரிடத்தில்
தூக்கிலிடப்பட்டவரைப் பற்றிய எழுத்து.
என்ன இது என்று கேட்டார்.
தொங்கவிடுவது என்ற வினையை
நான் பனியனுக்குத்தான் படித்திருந்தேன்.
ஹேங்கர், கம்பி, ஈரம்.
அதையே சொன்னேன்,
கழுத்தைத் தொட்டுக் காட்டி.
குரங்கு தொப்பியைத் திருப்பித் தந்திருந்தால்
அப்போது கழற்றியிருப்பார்.
வெறுந்தலையோடு குனிந்தார்.

உச்சியில் தானியக் கிடங்கு.
உள்ளே வவ்வால் வாடை, அரை இருட்டு.
சுவர் முழுக்கப் பெயர்கள்.
"படியுங்கள்" என்றார், சிலாசாசனம் கண்டவர்போல.
படித்தேன்.
கோகிலவாணி, பிரதாப்.
பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்.
மாப்ள தண்ணி இல்ல, கீழயே குடிச்சுட்டு வா.
எல்லாவற்றையும் சொன்னேன், ஆண்டு விடாமல்.
எல்லாவற்றையும் எழுதினார்.

வடசுவரில், ஆள் உயரத்தில்,
ஆணியால் ஆழமாய்க் கீறியது:
செ. சென்னியப்பன். தேன்மொழி.
வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும்
மனைவி பெயர் நதியா.
பின்னாலிருந்து மெல்லிய குரல்:
"ஏனுங் மேடம்... அத மட்டும் வேண்டாமுங்."

நான் ஏற்றுமதி ஆர்டர்களில்
தேதியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.
"இது பழைய எழுத்து" என்றேன்.
"ஒரு குறுநில மன்னர்.
நெல்லுக்கு வரி வேண்டாம் என்று
எழுதிவைத்திருக்கிறார்."

மியாசாகா டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.
தரையிலிருந்து உயரம் அளந்தார்.
சென்னியப்பன் வாசலுக்குப் போய்
காவேரி இருக்கும் திசையைப்
பார்ப்பதுபோல் நின்றார்.
புழுதிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இறங்கும்போது முழங்கால் நடுங்கியது.
ஆறாவது வாசல் நிழலில்
என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:
"உங்கள் மன்னர்கள்
வரியை ரத்து செய்யும்போது
அம்பு தைத்த இதயமும் வரைவார்களா?"

பதில் வேண்டியிருக்கவில்லை அவருக்கு.
முன்னே நடந்துபோய்ச்
சென்னியப்பனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்,
இரண்டு கையாலும்,
எங்கள் எம்.டி.க்கு விசிட்டிங் கார்டு தந்தாரே
அதே குனிவோடு.

குமாரபாளையத்தில் டீக்குடிக்க நிறுத்தினோம்.
பர்ஸை எடுத்தேன். சென்னியப்பன் தடுத்தார்.
"இது என்ற கணக்குங்."
எதற்கு என்று அவரும் சொல்லவில்லை.