வேப்பமூடு இறங்கு

பதினெட்டு வருஷமாக
இந்த ஊரைக் கூவி விற்றிருக்கிறேன்.
மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம், கோட்டாறு.
ஒன்றிலும் இறங்கி நின்றதில்லை.

மணக்குடி வண்டி. படிக்கட்டில் ஒரு கால்.
எனக்குத் தெரிந்த நாகர்கோவில்
உள்ளங்கைகளால் ஆனது:
சில்லறை வேர்த்த கை, மீன் மணக்கிற கை,
ஐந்நூறை நீட்டிவிட்டு
வேறெங்கோ பார்க்கிற கை.

இந்த ஞாயிறு எனக்கு ஆஃப்.
நூற்றைம்பது ரூபாய் கட்டி
நடந்தே ஊர் சுற்றிக் காட்டும்
கூட்டத்தில் சேர்ந்தேன்.
வீட்டில் சொன்னது, யூனியன் மீட்டிங்.

வழிகாட்டி ஆஸ்லின். இருபத்துநாலு இருக்கும்.
இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி,
கையில் எழுதி வைத்த அட்டைகள்.
என்னோடு பதினோரு பேர் என்று எண்ணினேன்.
அவள் எண்ணவில்லை.

நாகராஜா கோவில் வாசலில் ஆரம்பித்தாள்.
இங்கே பிரசாதம் மண், ஈர மண் என்றாள்.
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்
டப்பாவில் கிடைக்குமா என்று கேட்டார்.

மணிமேடையில், "எல்லாரும் மேல பாருங்க."
பார்த்தேன்.
கடிகாரத்துக்கு மேலேயும்
கட்டடம் இருக்கிறது.
நான் அந்த முள்ளை மட்டும் அறிவேன்,
நிமிஷம் பிந்தினால்
டிரைவர் சுயம்புலிங்கம் கியரில் காட்டும் கோபத்தையும்.
ஒரு ராஜா வந்துபோன ஞாபகத்துக்குக் கட்டினதாம்.
அவர் எங்கே ஏறி எங்கே இறங்கினார்,
அது அட்டையில் இல்லை.

அடுத்தது வேப்பமூடு.
"மூடுன்னா அடி. மரத்தோட அடி.
வேப்ப மரத்தடி, அவ்வளவுதான்."

அவ்வளவுதானா.
நாளைக்கு எட்டு நடை, நடைக்கு ஒரு கூப்பாடு,
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
அத்தனை தடவை
ஒரு மரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்,
ஓர் இலை அசையாமல்.

கண்ணாடி போட்ட சிறுமி கேட்டாள்:
"மரம் எங்க அக்கா?"
ஆஸ்லின் ஒவ்வோர் அட்டையாகப் புரட்டினாள்.
ஒலிபெருக்கி இரைந்தது. சிக்னல் பச்சையானது.
"இங்கனதான் எங்கேயோ" என்றாள்,
நாலு ரோட்டுக்கும் சேர்த்துக் கையை விரித்து.

செட்டிகுளம் தாண்டினதும் மறுபடி எண்ணினேன்.
பத்து.
"ஒரு ஆள் குறையுது!"
வாயில் வந்தது டியூட்டிக் குரல்.
பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

திரும்பி ஓடினேன்.
குலை குலையாய்த் தொங்கும் கடை முன்னால்
கோயம்புத்தூர்க்காரர்,
காலடியில் ஏழெட்டு மட்டிப்பழத் தோல்.
"இத்துனூண்டு இருக்குதுங்க" என்றார்,
டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவரைப் போல,
"ஒண்ணு தின்னா நிறுத்த முடியல."
எனக்கும் ஒன்று உரித்துத் தந்தார்.
வழிநடுவே நின்று, யாருக்கும் விசில் கொடுக்காமல்,
ஒரு முழுப் பழம் தின்றேன்.

பிறகு மழை. தென்மேற்கா வடகிழக்கா என்று
எங்கள் மழையிடம் யாரும் விசாரிப்பதில்லை.
பூட்டின நகைக்கடைச் சன்ஷேடுக்கடியில் ஒண்டினோம்.
அப்போது வந்தது என் வண்டி.
ஜன்னலெல்லாம் ஆவி.
இவ்வளவு சத்தமா அது,
இத்தனை பேரா உள்ளே,
ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு?
படியில் மாற்று கண்டக்டர் ஜெயசிங்:
"ஓய் வியாகப்பன்! ஏறும் வோய், நனையாதேயும்!"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆஸ்லின் ஒலிபெருக்கியை அணைத்தாள்.
"அண்ணனுக்கு இந்த ஊரா?"
"இல்ல, மணக்குடி."
அது பொய் இல்லை.

கோட்டாறு சவேரியார் கோவிலைத் தாண்டும்போதெல்லாம்
டிக்கெட் மிஷின் பிடித்த கையாலேயே
அவசரமாய் ஒரு சிலுவை போட்டுக்கொள்வேன்.
இன்றைக்கு இரண்டு கையும் காலி.
அவள் வருஷங்களும் பேர்களும் சொல்லிக்கொண்டிருந்தாள்.
கடைசி பெஞ்சில் உட்கார்ந்து
செருப்பு விட்ட பாதங்களைப் பார்த்தேன்.
வலி இருந்தது. நன்றாகவும் இருந்தது.

திங்கள், முதல் நடை.
"வேப்பமூடு இறங்கு!"
சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தவன்
ஊதவில்லை.
சுயம்புலிங்கம் கண்ணாடியில் முறைத்தார்.
"ஆள் இறங்குதா?"
"இல்ல."
"ஏறுதா?"
"இல்ல."
"பொறவு எதுக்கு வோய் நிக்கோம்?"

ஊதினேன்.