நாற்பது கிலோமீட்டர் கிழக்கே

கேத்தியில் எங்கள் ஆபீஸ்
ஒரு பழைய உருளைக்கிழங்கு மண்டியின் மாடி.
இரவுப் பணிக்கு ரெஜினால்ட், போஜன், நான்.
சென்னை, தில்லியெல்லாம் சீனியர்களுக்கு.
துருவங்கள் எனக்கு.
"அங்கேயிருந்து யார் சண்டைக்கு வரப்போறாங்க, யோகமலர்?"
என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஒரு வரைபடத்தில் தீவுக்குக் கேப்டனின் பெயர்.
இன்னொன்றில் அவர் மனைவியின் பெயர்.
மூன்றாவதில் தீவே இல்லை,
பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் யாரோ விட்டுப்போன மஃப்ளர் மாதிரி
கடலில் பெயர் மட்டும் கிடக்கிறது.
நெருங்கினால் மறைகிறது, விலகினால் வருகிறது.
எங்கள் லைன் பூனைக்கும் இதே சுபாவம்.

வட கோடியில் ஒரு பாறைமேல்
ஐஸ்கிரீம் கடை என்று எவனோ முள் குத்தியிருந்தான்.
நான்கரை நட்சத்திரம்.
இப்போது மூடியுள்ளது, காலை திறக்கும்.
அங்கே காலை வர இன்னும் ஒன்றரை மாதம்.
ரெஜினால்ட் சிரித்துச் சிரித்து இருமினான்.
அழித்தேன்,
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்.

டிக்கெட் 40718 மட்டும்
மூன்று இரவாக மூடவில்லை.
பழைய கடல்படத்தில் இருந்த தீவு
புதியதில் நாற்பது கிலோமீட்டர் கிழக்கே.
தீவு நகர்ந்ததா, எழுதியவன் கை நகர்ந்ததா?
செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் வெள்ளை.
தேதியை மாற்றினால் வேறு வெள்ளை.
மேகத்துக்கும் பனிக்கும் நிலத்துக்கும்
ஒரே நிறம் கொடுத்தவர்மேல்
புகார் பதிய வழியில்லை.

போஜன் சொன்னான்:
"எங்க ஹட்டிக்கு ரோட்டு போர்டுல ஒரு ஸ்பெல்லிங்,
பஸ்ல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு.
வரவேண்டியவங்க வந்துதான் சேர்றாங்க."
யாரும் வராத ஊருக்கு? என்றேன்.
ஃப்ளாஸ்க்கைத் திருகியபடி,
"அப்ப என்ன அவசரம்" என்றான்.

என் முகவரியில் ஊர்ப்பெயரே கிடையாது.
நாலாம் டிவிஷன், லைன் வீடுகள், அவ்வளவுதான்.
கண்டியிலிருந்து வந்தவர்களுக்குக்
கொழுந்துக் கணக்கு வசதிக்காகப் போட்ட எண்.
வரைபடத்தில் அந்த இடம் வெறும் பச்சை.
பெயர் சேர்க்க எனக்கு அனுமதியில்லை.
சொன்னேனே, என் பங்கு துருவம்.

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது.
கீழே இறங்கினேன்.
கேரட் வயல் முழுக்க உறைபனி.
ஸ்கூட்டர் சீட்டு, தண்ணீர்க்குழாய், கம்பிவேலி எல்லாம் வெள்ளை.
பாதை எது பாத்தி எது என்று தெரியவில்லை.
புல் அப்பளம்போல் நொறுங்க
உத்தேசமாக நடந்தேன்.
எதிரே ஒரு மேடு.
நேற்று அங்கே இருந்ததாக நினைவில்லை.
தார்ப்பாய் மூடிய உரக்குவியலாக இருக்கலாம்.
சுற்றிப்போய்ப் பார்க்கவில்லை.
காது வலித்தது, திரும்பிவிட்டேன்.

கரண்ட் வந்ததும்
படிவத்தின் கடைசிக் கேள்வி
விட்ட இடத்திலேயே நின்றிருந்தது:
இந்த இடத்துக்கு நேரில் போயிருக்கிறீர்களா?
ஆம்.
இல்லை.
உறுதியாகத் தெரியவில்லை.

விரல் இன்னும் விறைத்திருந்தது.
மூன்றாவதை அழுத்தினேன்.