நனைத்துத் துளையிடு

பார்சல் வந்தது செவ்வாய்க்கிழமை.
காற்றுக்குமிழிப் பிளாஸ்டிக்கைப் பிரித்தால்
கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ்.
சுவாச சிகிச்சையில் தரமான மருத்துவமனை
என்று பொன்னெழுத்து.
இருபத்தைந்து படுக்கை, ஒரே ஒரு லிஃப்ட்,
வர்ஜீனியா மலையிடுக்கில்
நிலக்கரி லாரிகள் கியர் மாற்றும் வளைவு.
அதுதான் நாங்கள்.

போன வருடமும் விண்ணப்பித்தோம்.
நாற்பத்தொரு கேள்விகள்.
பத்தொன்பதாவது கேள்வி:
இருபத்து நான்கு மணி நேரமும்
சிகிச்சையாளர் கட்டடத்துக்குள் இருக்கிறாரா?

ஜனவரியில் ஓர் இரவு, பனிப்புயல்.
இழுப்பு நிற்காத ஒரு குழந்தையோடு
பிரிஸ்டல் வரை ஆம்புலன்ஸில் போனேன்.
பையை அமுக்கி அமுக்கிக் கை மரத்துப்போயிருந்தது.
போய்த் திரும்ப ஏழு மணி நேரம்.
அந்த ஏழு மணி நேரமும் இங்கே யாரும் இல்லை.
என்னைத் தவிர ஆள் இருந்தால்தானே?

தரம் தரம் என்று
மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும்
நிர்வாகி ரட்லிஃப்
என் மேசைமேல் குனிந்து சொன்னார்:
"அந்த ராத்திரியைப் பத்தி மூச்சு விடாதே, ரொவீனா."

மூச்சைப் பற்றிய தாளில்.

எழுதினேன். தேதி போட்டு, நேரம் போட்டு.
வருந்துகிறோம் என்று ஒரு பத்தியில் பதில் வந்தது.
ரட்லிஃப் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
ஆகஸ்டில், சொல்லாமல் கொள்ளாமல்,
இரவுக்கு இன்னொரு ஆளை எடுத்தார்.
கோல்பி. இருபத்து மூன்று வயது.
சூயிங்கம் மென்றுகொண்டே
மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுப்பான்,
முதல் குத்திலேயே.

புதன் மாலை, ஷிஃப்ட் மாறும் நேரம்.
லிஃப்டுக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டு
ரட்லிஃப் கைகட்டி நின்றார்.
டுவேன் டிரில்லை அழுத்தினான்.

பக்கத்தில் ஏழாம் அறை, கதவு திறந்திருந்தது.
உள்ளே டெல்மர் முல்லின்ஸ்.
முப்பத்தொரு வருடம்
சுரங்கத்தின் கூரையைத் துளைத்து போல்ட் முறுக்கியவர்.
உதிர்ந்த கல்மாவெல்லாம்
நெஞ்சுக்குள் போய் மறுபடி பாறையாகிவிட்டது.
நிமிடத்துக்கு ஆறு லிட்டர் ஆக்சிஜன்.
ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில் கட்டுவார்.

டிரில் சத்தத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.
கையைத் தூக்கினார், குழாய் இழுபட்டது.
"தண்ணி."
குவளையை நீட்டினேன்.
இல்லை என்று தலையாட்டினார்.
"தண்ணி... விட்டுட்டு...
துளை போடச் சொல்லு."

பென்சில் பருமன் துளைக்கு.
யாரும் சிரிக்கவில்லை.
கோல்பி துண்டை நனைத்துச் சுவரோடு அழுத்தினான்.
சளி உறிஞ்சும் குழாயை
நான் துளைக்குக் கீழே பிடித்தேன்.
சாம்பல் நிறக் கூழ் வழிந்து இறங்கியது.

டெல்மர் உள்ளிருந்தே மேற்பார்வை பார்த்தார்.
"எங்க மெஷின்லயும்... தண்ணிக்குழாய் உண்டு.
அடைச்சேதான்... கிடக்கும்.
இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும்...
நல்லா வரும்."

ரட்லிஃப் தரையைப் பார்த்தார்.
பிறகு டுவேனிடமிருந்து துடைப்பத்தை வாங்கி
ஈரத்தை அவரே துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.

சட்டம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

இரவு இரண்டரைக்கு டெல்மர் கேட்டார்:
"அது... எதுவரைக்கும்... செல்லும்?"
அடுத்த டிசம்பர், என்றேன்.
விரல்களை மடக்கி எண்ணினார்.
பாதியில் விட்டார்.
"எனக்கு... அது போதும்."

மூன்றாம் அறையில் வென்டிலேட்டர் கூவியது.
எழப்போனேன்.
கோல்பியின் ஷூ சத்தம்
எனக்கு முன்பே அந்தப் பக்கம் ஓடியது.
நாற்காலியைக் கட்டிலருகே
இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டேன்.