பூஜ்ஜியம் முதல் ஆறு வரை

புந்தா அரேனாஸில்
காற்று வெறிபிடித்து அடிக்கும் நாட்களில்
சதுக்கத்து ஓரமாகக் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
இன்று கட்டியிருந்தார்கள்.
ஒரு கையில் கயிறு,
மறு கையில் திருத்தாத தாள்கள் நாற்பத்தொன்று.
பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது
காதுக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

ஆசிரியர் அறையில்
சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வந்த பெண்
ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள்.
பெயர் எழுத வேண்டாம் என்றாள்.
பதினெட்டுக் கேள்விகள்.
பூஜ்ஜியம் என்றால் ஒருபோதும் இல்லை.
ஆறு என்றால் தினந்தோறும்.

காலையில் எழும்போதே களைத்திருக்கிறீர்களா?

ஜூன் மாதம் இங்கே விடியவே பத்து மணியாகிறது.
காலை என்றால் எது, முதலில் வரையறு
என்றது கணக்கு டீச்சர் புத்தி.
ஆறு போட்டேன்.
ஆறவில்லை.

மாணவர்கள் உங்களுக்கு வெறும் பொருட்களாகத் தெரிந்ததுண்டா?

பேனா நின்றுவிட்டது.
போன செவ்வாய், கடைசி வரிசையில்
ஒருத்தி கை தூக்கினாள்.
மூன்று வருடமாக என் வகுப்புதான்.
பெயர் வரவில்லை.
"நீ, நீலச் சட்டை, சொல்லு" என்றேன்.
வகுப்பு முழுக்க நீலச் சட்டை.
எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.
இரவு, பாத்திரம் கழுவும்போது வந்தது:
யாஸ்னா.
குழாயை மூட மறந்து நின்றேன்.
மூன்று போட்டேன், அடித்தேன்,
நான்கு.

விறகு எரிந்தால் சாம்பலாவது மிஞ்சும்.
நான் எரியவில்லை.
விளக்கு எண்ணெய் மாதிரி
யாரும் பார்க்காத நேரத்தில் குறைந்துபோனேன்.

நீங்கள் மீண்டுவர உதவுபவை எவை? குறியிடவும்.
உடற்பயிற்சி. தியானம். நல்லதையே நினைத்தல். பிற.

பிறவுக்கு எதிரே
இரண்டு விரற்கடை நீளத்தில் ஒரு கோடு.

அதில் எப்படி எழுதுவது,
வேதியியல் நொல்பெர்த்தோ
வியாழன் மதியத்து மைதானக் காவலை
நான் கேட்காமலே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதை?
ஏன் என்றால், "சிகரெட் பிடிக்க ஒரு சாக்கு" என்றார்.
அவர் சிகரெட்டை விட்டு ஏழு வருடமாகிறது.
அந்த இருபது நிமிடமும் நான்
வரைபடங்கள் சுருட்டிவைத்த அறையில்
கதவைச் சாத்திக்கொண்டு
ஒன்றுமே செய்வதில்லை.

எப்படி எழுதுவது,
அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி
ஐந்தில் இரண்டு என்று கொண்டுவந்த பையனிடம்
"கூட்டினால் குறையுமாடா?" என்று கேட்க,
"எங்க வீட்டுல குறையும் டீச்சர்,
அப்பா வந்து சேர்ந்தா எல்லாமே குறையும்" என்று
அவன் முகம் மாறாமல் சொன்னதையும்,
நான் சிரிப்பை அடக்க மேசையைப் பிடித்ததையும்,
சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறியதையும்,
அன்று மணி அடித்த பிறகும்
பின்னத்தை ரொட்டி வெட்டிக் காட்டிக்கொண்டு
நாங்கள் இருவரும் அங்கேயே இருந்ததையும்?
பன்னிரண்டு மாதங்களில்
நான் கடிகாரம் பார்க்காத ஒரே நாள் அது.

அப்புறம் ஏப்ரலில்,
இன்னொரு வகுப்பையும் எடுத்துக்கொள்ளச் சொன்ன இயக்குநரிடம்
"முடியாது" என்றது.
மன்னிப்புக் கேட்காமல்.
மாடிப்படி இறங்கும்போது முழங்கால் நடுங்கியது, உண்மைதான்.
வீட்டுக்குப் போய்ப் பசித்துச் சாப்பிட்டேன்.

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பதினெட்டும் என்னைப் பற்றி.
நாற்பத்தொன்றைப் பற்றி ஒன்றுமில்லை.
ஒழுகும் ஜன்னல், மார்ச் மாதச் சம்பளம் மேயில் வந்தது,
எதுவும் இல்லை.
காற்றைப் பற்றி ஒரு சொல் கேட்காமல்
எவ்வளவு தடவை விழுந்தாய், எழுந்தாய் என்று மட்டும்.

கோட்டில் "வியாழன்" என்று எழுதிக் கொடுத்தேன்.
"கிரகமா?" என்றாள் அந்தப் பெண், பாவம்,
அவள் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.
"மதியம்" என்றேன்.

மாலையிலும் காற்று விடவில்லை.
கயிறு நனைந்து, கை எரிய எரியக் குளிர்ந்திருந்தது.
நடுவழியில் அது ஒரு வெட்டு வெட்டி இழுத்தது.
இருட்டில், எங்கோ முன்னால்,
வேறு யாரோ பிடித்துக்கொண்டு போகிறார்கள்.
யாரென்று தெரியவில்லை.
காலையில் இதை யார் கட்டினார்கள் என்றும்தான்.

மூன்று தாள் திருத்தியிருந்தேன்.
முப்பத்தெட்டு பாக்கி.