வெட்டிய துண்டு

புந்தா அரேனாஸில் காற்று
கிளினிக்கின் கண்ணாடியைக் காலையிலிருந்தே பிறாண்டுகிறது.
ஆட்டோகிளேவைத் திறந்து
சூடு ஆறாத இடுக்கிகளைத் தட்டில் அடுக்குகிறேன்.
டாக்டர் ஈவெலிச் பேசமாட்டார்.
கையை நீட்டுவார்.
விரல்கள் எவ்வளவு விரிகின்றன என்று பார்த்து
எது வேண்டுமென்று நான்தான் அறிய வேண்டும்.

நாற்காலியில் எலிசேயோ பார்ரியா,
வயது ஐம்பத்து மூன்று,
நீரிணையைக் கடக்கும் ஃபெர்ரியின் மெக்கானிக்.
பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே
முழங்கால் இடிக்கக் காத்திருந்துவிட்டு வருவார்.
இந்த வயதில் எதற்கென்று யாரும் கேட்குமுன்
"கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்துகிறது" என்பார்,
ஒழுகும் வால்வைப் பற்றிச் சொல்வதுபோல.

வாயைத் திறக்குமுன் தட்டைத்தான் பார்ப்பார்.

இது?
பறவை அலகு. ஒரு தாடை உருண்டை, மறுதாடை பட்டை.
கம்பிக்கு வளைவு சொல்லித் தர.

இந்த வளைந்த மூக்கு?
கன்னத்தை உரசாமல்
கடைவாய்க் குழாய்க்குள் கம்பியை நுழைக்க.

நட்சத்திரம் மாதிரி இருக்கிறதே?
உயரமானி. பல்லின் விளிம்பிலிருந்து
ப்ராக்கெட் எங்கே உட்கார வேண்டுமென்று அளக்க.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
பல் அந்தப் பிசகுக்கே விசுவாசமாக நகரும்.

மூக்கு மழுங்கிய அந்தக் குள்ளன்?
முனை வெட்டி.
கடைசிப் பல்லுக்கு அப்பால் மீந்த கம்பியை நறுக்கும்.

நறுக்கின துண்டு?
விடாது. தன் வாயிலேயே பிடித்துக்கொள்ளும்.

தொண்டைக்குள் போகாது?
போகாது.

கேட்டுக்கொண்டே அதை எடுத்துவிட்டார்,
எண்ணெய்க் கறை ஏறிய விரல்களால்.
விளக்கடியில் திறந்தார், மூடினார்,
தாடைகளுக்கிடையே ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
நான் இன்னொன்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்டில் மூன்று நாள் துறைமுகம் மூடியிருந்தது.
இரண்டாம் இரவு, அக்கரை போர்வெனிரிலிருந்து தொலைபேசி.
"யாஸ்னா, கம்பி வழுக்கிக் கன்னத்தில் ஏறிவிட்டது.
எஞ்சின் அறைக் கட்டர் கையில் இருக்கிறது."
வேண்டாம், கீழே வையுங்கள்.
மெழுகு?
"தீர்ந்துவிட்டது."
பின்னால் ரப்பர் வைத்த பென்சில் இருக்கிறதா?
கழுவுங்கள். கண்ணாடி முன் நின்று
முனையைப் பல்லோடு பல்லாக மடக்குங்கள். மெல்ல.

அப்புறம் அவர் மூச்சு மட்டும்.
என் ஜன்னலில் அடித்த காற்று
கொஞ்ச நேரம் கழித்து அவர் ஜன்னலிலும் அடித்தது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.
"மடங்கிவிட்டது" என்றார்.
நன்றி சொல்ல மறந்து வைத்துவிட்டார்.

அடுத்த முறை வந்தபோது மடியில் ஒரு துணிப்பொட்டலம்.
பிரித்தார்: அவருடைய கட்டர்.
அலகின் ஓரத்தில் ஒரு தகட்டைப் பற்றவைத்து
உள்ளே கேஸ்கெட் ரப்பரை ஒட்டியிருந்தார்.
"போல்ட் அவிழாமலிருக்கக் கம்பி முறுக்குவோம்.
மீதியை வெட்டினால் துண்டு தெறிக்கும்.
நெஸ்தோரின் இடது கண், ஆறு வருஷத்துக்கு முன்னால்."
அதற்கு மேல் சொல்லவில்லை.
பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார்.
டக்.
தரையில் எதுவும் விழவில்லை.
கட்டரைத் தலைகீழாகப் பிடித்தார்.
அப்போதும் விழவில்லை.

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.
"எனக்கொன்று செய்வீர்களா?
பண்ணையில் ஆட்டு வேலி கட்ட வேண்டும்."
இரண்டு வருஷத்தில்
அவர் ஒரு நோயாளியிடம் கேட்ட நீளமான கேள்வி அது.

செய்யட்டும்.
கழுவி, பொட்டலம் கட்டி,
நூற்று முப்பத்து நான்கு டிகிரியில் வைக்க
என்னிடம் தராமலிருந்தால் சரி.

கை நீண்டது. விரல்கள் கொஞ்சமாக விரிந்தன.
வளைந்த மூக்கைக் கொடுத்தேன்.