நீலம்

வரைகலை ஆய்வாளர் சங்கத்தின்
நாலாவது கூட்டம், ஒலுவில்.
பதினொரு பேருக்கு ஒரே ஹெட்செட்.
வயர் எட்டாமல் மேசையை இழுத்தோம்.

சில்மியாவின் அலை
மருதமுனைக்குள் ஏறியது,
ஆழம் கூடக்கூட நீலம் தடித்து.
"நல்லா ஓடுது" என்றார் தலைவர்.
நுரை மட்டும் போதாதாம்.

பொருளாளர் ஹஸ்மத்
கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு
ஹெட்செட்டை மாட்டினான்.
ஒரு கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது.
அலை இரண்டுதரம் வந்து போனது.
"நீலம் இல்ல," கழற்றாமலே சொன்னான்,
"கறுப்பு. தார் மாதிரி."

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
சில்மியா நிறப்பெட்டியைத் திறந்தாள்.
எவ்வளவு கறுப்பு என்று
அவனிடம்தான் கேட்கவேண்டியிருந்தது;
கேட்காமல் இருந்தாள்.

கூட்ட அறிக்கையில் எழுதினேன்:
நிறம், அடுத்த கூட்டத்துக்கு.
பிளேன்ரீச் செலவு பதியப்படவில்லை.